கல்லூரிக்குப் பேருந்தா, பைக்கா? குமரி மாவட்டத்து வீடுகளுக்கான ஒரு கணக்கு

பிளஸ் டூ முடிவு வந்து, கல்லூரியில் இடமும் உறுதியாகி, கட்டணம் கட்டிய ரசீதை மடித்து வைத்த பிறகு, குமரி மாவட்டத்து வீடுகளில் அடுத்த பேச்சு வண்டியைப் பற்றியதாகவே இருக்கிறது. மகன் பைக் கேட்கிறான், அல்லது மகள் ஸ்கூட்டர் கேட்கிறாள். அப்பா விலையைக் கேட்டுவிட்டு மௌனமாகிறார். அம்மா, பக்கத்து ஊரில் யாரோ விழுந்ததை நினைவுபடுத்துகிறார். பேச்சு அங்கேயே நின்றுபோய், கல்லூரி திறப்பதற்கு முந்தைய வாரத்தில் அவசரமாக ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ‘எது நல்லது’ என்றுதான் கேட்கிறார்கள். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எத்தனை இடத்தில் மாறி, எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. எனவே அளவுகோல்களை முதலில் வைத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொரு வழியையும் அவற்றில் உரசிப் பார்க்கலாம்.

எதை வைத்து எடை போடுவது

தூரத்தை வைத்து முடிவு செய்வதுதான் வழக்கம். ஐந்து கிலோமீட்டர் என்றால் சைக்கிள், இருபது என்றால் பைக் என்று பேசிக்கொள்கிறோம். இந்த மாவட்டத்தைப் பொறுத்தவரை தூரம் இரண்டாவதாகப் பார்க்க வேண்டிய விஷயம். 1,700 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்புக்குள் மலை, கடல், வயல், ரப்பர்த் தோட்டம் எல்லாம் அடங்கிய இந்த மாவட்டத்தில் பெரும்பாலான கல்லூரிகள் வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருந்துவிடும். பயணத்தைச் சுலபமாக்குவதும் கடினமாக்குவதும் மாறுதல்களின் எண்ணிக்கைதான். தக்கலையில் ஏறி நாகர்கோவிலில் இறங்குகிற மாணவருக்கும், அருமனைக்கு உள்ளே ஒரு சிற்றூரிலிருந்து மார்த்தாண்டம் வந்து, அங்கிருந்து நாகர்கோவில் போய், மறுபடியும் கோணம் என்ற பகுதிக்கு வண்டி பிடிக்கிற மாணவருக்கும் ஒரே ஆலோசனையைச் சொல்வதில் பொருளில்லை. ஒவ்வொரு மாறுதலும் பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் வரை காத்திருப்பைக் கூட்டுகிறது. அதைவிட முக்கியமாக, எவ்வளவு காத்திருக்க நேரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி செய்கிறது.

ஆகவே முதல் அளவுகோல் மாறுதல்களின் எண்ணிக்கை. இரண்டாவது, மாலையில் திரும்பும் நேரம். காலையில் எல்லா வழியிலும் பேருந்து இருக்கும், மாலை ஏழுக்குப் பிறகு எல்லா வழியிலும் இருக்காது. மூன்றாவது மொத்தச் செலவு. அதாவது பெட்ரோலையோ டிக்கெட்டையோ மட்டும் பார்க்காமல், மூன்று அல்லது நான்கு ஆண்டுப் படிப்புக்குள் வீட்டிலிருந்து வெளியேறும் முழுப் பணம். நான்காவது உயிர்ப் பாதுகாப்பு. இதில் சாலையின் தன்மையும் பருவமும் சேரும். ஐந்தாவதைப் பெரும்பாலான வீடுகள் மறந்துவிடுகின்றன: கல்லூரி திறக்கும் நாளில் பிள்ளைக்கு 18 வயது நிறைந்திருக்கிறதா?

அரசுப் பேருந்து

குமரி மாவட்டம் அரசுப் பேருந்தை நம்பிப் பழகிய மண். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைவதற்கு முன்பே, 1938-இல் திருவிதாங்கூர் அரசு சாலைப் போக்குவரத்தைத் தானே நடத்தத் தொடங்கியபோது, திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரிச் சாலை அதன் முதன்மைத் தடங்களில் ஒன்றாக இருந்தது. இன்றும் உட்கிராமங்களில் ஓடுகிற மினி பேருந்துகளை விட்டுவிட்டால், நம் மாணவர்களைச் சுமப்பது அரசுப் போக்குவரத்துக் கழகம்தான்.

செலவில் ரயிலைத் தவிர வேறெதுவும் இதை நெருங்க முடியாது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. விடியல் பயணம் என்று பெயர் பெற்ற அந்தத் திட்டம் மாணவிகளுக்குத் தனியாக அட்டை எதுவும் கேட்பதில்லை. அரசுக் கலைக் கல்லூரி, அரசு பாலிடெக்னிக், அரசு தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களுக்குக் கட்டணமில்லாப் பயண அட்டை உண்டு. பிற கல்லூரி மாணவர்களுக்குச் சலுகைக் கட்டண அட்டை கிடைக்கும். முழு டிக்கெட் எடுத்தாலும், 2018 கட்டண மாற்றத்தில் சாதாரணப் புறநகர்ப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 58 காசு என்றுதான் நிர்ணயமானது. நிலைக் கட்டணமும் பேருந்தின் வகையும் சேர்ந்து இதைக் கொஞ்சம் உயர்த்தும், அப்படியும் மலிவுதான்.

மறைந்திருக்கும் செலவு நேரத்தில் இருக்கிறது. பயண அட்டை கல்லூரி வழியாக விண்ணப்பித்துக் கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை டிக்கெட்டுக்குக் காசு வேண்டும். அட்டையில் குறித்த தடத்துக்கு மட்டுமே அது செல்லும். களியக்காவிளைப் பக்கம் இருப்பவர்கள், வந்து நிற்கிற முதல் பேருந்து கேரளத்தினுடையதாக இருந்தால், அட்டையைப் பைக்குள் வைத்துவிட்டுப் பணத்தை எடுக்க வேண்டியதுதான். அதேபோல் மகளிர் இலவசப் பயணம் எல்லாப் பேருந்துக்கும் பொருந்தாது; விரைவுப் பேருந்தில் தெரியாமல் ஏறிவிட்டுப் பாதி வழியில் இறங்கி நிற்கும் முதலாமாண்டு மாணவிகளை ஜூலை மாதம் முழுவதும் பார்க்கலாம். நாகர்கோவிலில் இன்னொரு சங்கடம் உண்டு. வெளியூர்ப் பேருந்துகள் வடசேரியிலும், நகரப் பேருந்துகள் பெரும்பாலும் மீனாட்சிபுரத்தில் உள்ள அண்ணா பேருந்து நிலையத்திலும் வந்து நிற்கின்றன. ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏற வேண்டிய மாணவர், அந்த இடைவழியை ஒரு தனிப் பயணமாகவே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பைப் பேசும்போது, பேருந்து என்றாலே பத்திரம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இருக்கையில் உட்கார்ந்தோ உள்ளே நின்றோ போகும்வரை அது உண்மை. காலை எட்டிலிருந்து ஒன்பது வரை மார்த்தாண்டத்திலும் திங்கள்சந்தையிலும் புறப்படுகிற பேருந்துகளின் படிக்கட்டில் தொங்குகிற மாணவனுக்கு அது பொருந்தாது. படிக்கட்டுப் பயணத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-ஆவது பிரிவு தடைசெய்கிறது. ஆனால் அடுத்த பேருந்து நாற்பது நிமிடம் கழித்துத்தான் என்னும்போது அந்தப் பிரிவை யாரும் நினைப்பதில்லை. நானும் படித்த காலத்தில் தொங்கியவன்தான். ஒரு நாள் எதிரே வந்த லாரியின் கண்ணாடி தோள்பையைத் தட்டிச் சென்ற பிறகுதான், அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பக் கற்றுக்கொண்டேன். அந்த அரை மணி நேரத்தையும் பேருந்தின் விலையாகவே எழுத வேண்டும்.

ஒரே பேருந்தில், மாறாமல், ஒரு மணி நேரத்துக்குள் கல்லூரி வாசலுக்கோ அதற்குப் பக்கத்திலோ போய்ச் சேர முடிகிற எவருக்கும் இதைவிட நல்ல வழி கிடையாது. நாகர்கோவில்–தக்கலை–மார்த்தாண்டம் நெடுஞ்சாலை ஓரத்திலும், கன்னியாகுமரி–நாகர்கோவில் சாலை ஓரத்திலும், குளச்சல்–நாகர்கோவில் வழியிலும் வீடு இருந்தால், பைக் பற்றிய பேச்சை மூன்றாம் ஆண்டு வரை தள்ளிப்போடலாம். பேச்சிப்பாறை, பத்துகாணி, ஆறுகாணி போன்ற மலையடிவார ஊர்களில் நிலைமை வேறு. அங்கே ஒரு டிரிப் ரத்தானால் அன்றைய முதல் இரண்டு வகுப்புகளும் ரத்தானதாகத்தான் பொருள்.

ரயில்

ரயிலைப் பற்றி யோசிக்கிற வீடுகள் குறைவு. யோசித்தவர்கள் விடுவதும் குறைவு. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு 1979-இலும், திருநெல்வேலிப் பக்கம் 1981-இலும் தண்டவாளம் வந்தது. குழித்துறை, பள்ளியாடி, இரணியல், நாகர்கோவில், சுசீந்திரம், ஆரல்வாய்மொழி என்று நிலையங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். குளச்சலுக்கும், கருங்கலுக்கும், குலசேகரத்துக்கும், அருமனைக்கும் ரயில் இல்லை. ஆகவே இது எல்லோருக்குமான வழியன்று.

ஆனால் நிலையத்துக்கு அருகில் இருப்பவர்களுக்கு ரயில்வே கொடுக்கிற சலுகை மிகப் பெரியது. அது பலருக்கும் தெரிவதில்லை. வீட்டுக்கும் கல்வி நிலையத்துக்கும் இடையே பயணம் செய்ய, மாணவிகளுக்குப் பட்டப்படிப்பு முடியும்வரை இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட் இலவசம். மாணவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரை இலவசம், அதற்கு மேல் பாதிக் கட்டணம். கல்லூரி தரும் சான்றிதழ்ப் படிவத்தை நிலையத்தில் கொடுத்து வாங்க வேண்டும். முன்பதிவுப் பெட்டியில் ஏற அனுமதி இல்லை. அதிவிரைவு வண்டியானால் கூடுதல் கட்டணம் உண்டு.

மறைந்திருப்பது நிலையத்துக்குப் போகும் வழி. குழித்துறை நிலையம் மார்த்தாண்டம் சந்திப்பிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இல்லை. நாகர்கோவில் சந்திப்பு கோட்டாறு பக்கம் இருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து திருநெல்வேலி செல்கிற சில வண்டிகள் சந்திப்புக்குள் நுழையாமல் நாகர்கோவில் டவுன் நிலையத்தில் நின்றுவிட்டுப் போய்விடும். உங்கள் கல்லூரிக்கு எந்த நிலையம் பக்கம், உங்கள் வண்டி எதில் நிற்கிறது என்ற இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒற்றைத் தடமாக இருக்கும் பகுதியில் எதிர்வண்டிக்கு வழிவிட்டு நிற்கிற நேரமும் உண்டு. காலையில் ஒன்று, மாலையில் இரண்டு என்று உங்கள் நேரத்துக்குப் பொருந்துகிற வண்டிகள் இருந்தால் மட்டும் ரயிலை நம்புங்கள். ஒன்று மட்டுமே இருந்தால் அது தாமதமாகிற நாளுக்குப் பேருந்து அட்டையும் கையில் இருக்க வேண்டும். ஆரல்வாய்மொழியிலிருந்தும் இரணியலிலிருந்தும் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ரயிலைத்தான்.

கல்லூரிப் பேருந்து

பொறியியல் கல்லூரிகள் பலவும் சில சுயநிதிக் கலைக் கல்லூரிகளும் சொந்தப் பேருந்து வைத்திருக்கின்றன. பெற்றோருக்கு மிகவும் நிம்மதி தருகிற வழி இதுதான்: வீட்டுக்குப் பக்கத்தில் ஏறி, கல்லூரிக்கு உள்ளேயே இறங்கலாம், மாறுதல் இல்லை. கட்டணத்தை ஆண்டுக்கோ பருவத்துக்கோ மொத்தமாகக் கட்ட வேண்டியிருக்கும். தூரத்தைப் பொறுத்து அது படிப்புக் கட்டணத்தில் கணிசமான பங்காகக்கூட ஆகிவிடும். நடுவில் நிறுத்தினால் பணம் திரும்புமா என்பதைச் சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இரண்டாவது மாதமே பேருந்து தடம் மாறி, ஏறும் இடம் மூன்று கிலோமீட்டர் தள்ளிப்போனது; கட்டிய பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

பணத்தைவிடப் பெரிய விலை வேறொன்று. கல்லூரிப் பேருந்து கடைசி மணி அடித்ததும் கிளம்பிவிடும். நூலகம், ஆய்வகத்தில் மீதமுள்ள வேலை, விளையாட்டுப் பயிற்சி, நாட்டு நலப்பணித் திட்டம், வேலைவாய்ப்புப் பயிற்சி எல்லாம் அந்த மணிக்குப் பிறகுதான் தொடங்குகின்றன. நேரே போனால் நாற்பது நிமிடமாகிற வழியை, ஊர் ஊராகச் சுற்றி ஒன்றரை மணி நேரம் ஓடுகிற தடங்களும் உண்டு. முதல் நிறுத்தத்தில் ஏறுகிற பிள்ளை காலை ஆறரைக்கே சாப்பிடாமல் நிற்கிறது. இரண்டு மாறுதல் தேவைப்படுகிற, 18 வயது நிறையாத, முதலாமாண்டு மாணவருக்கு இது பொருத்தமானது. மூன்றாம் ஆண்டுக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

சொந்த பைக் அல்லது ஸ்கூட்டர்

இதில் விரிவாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு: வீட்டில் கேட்கப்படுவது இது, மறுக்கப்படுவதும் இது, இரண்டும் கணக்குப் போடாமலே நடக்கின்றன.

முதலில் வயது. பிளஸ் டூ முடிக்கிற பலருக்குக் கல்லூரி திறக்கும்போது 17 வயதுதான் ஆகியிருக்கும். 16 வயதில் கிடைக்கிற உரிமம், 50 சிசிக்கு மேற்படாத கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமானது. இன்று கடைகளில் விற்கிற ஸ்கூட்டர்கள் அதற்கு மேல்தான். 18 நிறைந்த பிறகு பழகுநர் உரிமம் வாங்கி, 30 நாள் கழித்தே நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஓட்டிக் காட்டி நிரந்தர உரிமம் பெற முடியும். அதற்கு முன் வண்டியைக் கொடுத்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவு பாய்வது முதலில் பெற்றோர்மீதும் வண்டியின் உரிமையாளர்மீதும்தான்: மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. ‘பக்கத்துக் காலேஜ்தானே’ என்று சாவியைக் கொடுக்கிற அப்பாக்கள் இந்தப் பத்தியை ஒருமுறை சத்தமாகப் படிக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் ஓடுகிற, 250 வாட்டுக்கு மேற்படாத மின் ஸ்கூட்டருக்கு உரிமம் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த வேகத்தில் தேசிய நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு முன்னால் ஓட்டுவது நல்லதன்று. உள்ளூர்ச் சாலையில் நான்கைந்து கிலோமீட்டருக்கு அது போதும்.

அடுத்து பணம். ஒரு வழிக்கு 20 கிலோமீட்டர், மாதம் 22 நாள் என்று வைத்துக்கொள்வோம். குளச்சலிலிருந்தோ கன்னியாகுமரியிலிருந்தோ நாகர்கோவில் வருகிறவருக்கு ஏறக்குறைய இந்த அளவுதான். மாதம் 880 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி, லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் பெட்ரோலுக்கு 1,950 ரூபாய். வீட்டில் போடுகிற கணக்கு இத்தோடு நின்றுவிடும். வண்டி சாலைக்கு வரும்போது ஒரு லட்சம் ஆகிறது, மூன்று ஆண்டு கழித்து ஐம்பதாயிரத்துக்கு விற்கிறது என்றால், இழந்த ஐம்பதாயிரத்தைக் கல்லூரி நடக்கிற முப்பது மாதங்களுக்குப் பங்கிட்டால் மாதம் 1,650 ரூபாய். மூன்று ஆண்டில் 26,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் வண்டிக்கு ஒன்பது சர்வீஸ், ஒரு ஜோடி டயர், ஒரு செயின் செட் என்று மாதம் 600 ரூபாயாவது ஒதுக்க வேண்டும். ஆக 4,200 ரூபாய். கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 80 காசு அளவு. கடனில் வாங்கினால் வட்டி தனி. முட்டம், மணவாளக்குறிச்சி, குளச்சல் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று செயினையும் சைலன்சரையும் தின்றுவிடும்; விற்கும்போது அந்தத் துரு பேரத்தில் வந்து நிற்கும்.

இந்த 4,200 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது? நேரம் கிடைக்கிறது. பேருந்தில் காத்திருப்பும் சேர்த்து நாளுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகிறது என்று தாராளமாகவே கொள்வோம். பேருந்துக்கு நாளுக்கு 50 ரூபாய் கொடுக்கிற மாணவருக்கு மாதம் 1,100 ரூபாய் ஆகும். வித்தியாசமான 3,100 ரூபாயை 22 மணி நேரத்தால் வகுத்தால், மிச்சமாகிற ஒவ்வொரு மணி நேரத்தையும் 140 ரூபாய் கொடுத்து வாங்குகிறோம். இலவசமாகப் போகிற மாணவிக்கு அது 190 ரூபாய். மாலையில் டியூஷன் எடுக்கிற, கடையில் வேலை பார்க்கிற, போட்டித் தேர்வுக்குப் பயிற்சி வகுப்புக்குப் போகிற மாணவருக்கு இந்த விலை நியாயமானதாக இருக்கலாம். மிச்சமான நேரம் ஜங்ஷனில் நின்று பேசுவதிலேயே போகுமென்றால் இதைவிட விலையுயர்ந்த டீ வேறெதுவும் இல்லை.

வீட்டில் ஏற்கெனவே ஓடுகிற பழைய வண்டி இருந்தால் தேய்மானம் குறைந்து கணக்கு மாறும். ஆனால் அப்பாவின் பெயரில் பதிவான வண்டியை மகன் ஓட்டும்போது காப்பீட்டை எடுத்துப் பாருங்கள். 75 முதல் 150 சிசி வரையிலான வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு 2022 அறிவிப்பின்படி ஆண்டுக்கு 714 ரூபாய். அது எதிரே வருகிறவருக்கு ஏற்படும் சேதத்துக்கானது. கூடவே வருகிற 15 லட்ச ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பு, பதிவுச் சான்றில் பெயருள்ள உரிமையாளர் தானே ஓட்டும்போது அவருக்காக எழுதப்படுவது. ஓட்டுகிற பிள்ளைக்கும் பின்னால் உட்காருகிற நண்பனுக்கும் தனியாகச் சேர்த்தாக வேண்டும். கூடுதல் பிரீமியம் சிறிய தொகைதான், கேட்காததால் விடுபட்டுப்போகிறது.

இனி சாலை. நம் மாவட்டத்தில் மழை இரண்டு முறை வருகிறது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரிலும் நவம்பரிலும் வடகிழக்குப் பருவமழை. கல்லூரி திறக்கிற மாதமும் பருவத் தேர்வு மாதமும் இவற்றோடு ஒத்துப்போகின்றன. நவம்பர் பாதியிலிருந்து ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் களியக்காவிளையிலிருந்து கன்னியாகுமரி வரை நெடுஞ்சாலையை நிறைத்துவிடும். அந்தச் சாலையிலும் அதன் கிளைச் சாலைகளிலும் கல்லும் மணலும் ஏற்றிய டாரஸ் லாரிகள் ஓடுகின்றன. அவற்றின் பின்சக்கரத்துக்கும் கடைகளின் படிக்கட்டுக்கும் இடையே பைக்குக்கு மிஞ்சுகிற இடம் சில இடங்களில் ஒரு முழம்கூட இருக்காது. மேற்கே வளைவான ஏற்ற இறக்கச் சாலைகளில் நனைந்த ரப்பர் இலை சோப்புப் போல வழுக்கும். கிழக்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்றுத்தான் எடை குறைந்த ஸ்கூட்டரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. எல்லாவற்றையும்விட எனக்கு அச்சம் தருவது சானல் (பாசனக் கால்வாய்) கரைச் சாலைகள்தான்: ஒரு பக்கம் தண்ணீர், தடுப்புச் சுவர் கிடையாது, விளக்கு கிடையாது, குறுக்குவழி என்பதால் எல்லோரும் அதில்தான் போகிறார்கள். மாலை ஆறரைக்குப் பிறகு பிள்ளை வீடு திரும்புகிற வழியில் அப்படி ஒரு சாலை இருந்தால், வண்டி வாங்கித் தருவதற்கு முன் பெற்றோர் அந்த நேரத்தில் ஒருமுறை அதில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

தலைக்கவசம் ஓட்டுகிறவருக்கும் பின்னால் உட்காருகிறவருக்கும் கட்டாயம். இல்லையென்றால் 1,000 ரூபாய் அபராதம். உரிமம் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய். நண்பர்கள் மூவராக ஏறுவதற்கும் அபராதம் உண்டு. சில கல்லூரிகள் வளாகத்துக்குள் மாணவர் வண்டியை அனுமதிப்பதில்லை. அங்கே வெளியில் நிறுத்தும் கட்டணமும், பெட்ரோல் திருட்டும், வெயிலில் காய்கிற இருக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பைக்கே சரியான விடையாகிற வீடுகள் உண்டு. இரண்டுக்கு மேல் மாறுதல், மாலை ஆறுக்குப் பிறகு திரும்பும் கட்டாயம், 18 வயதும் உரிமமும், பகல் வெளிச்சத்தில் ஓட்டிப் பழகிய ஆறு மாத அனுபவம் ஆகிய நான்கும் சேர்ந்திருந்தால் தயங்க வேண்டியதில்லை. மருத்துவமனைப் பணிநேரம் உள்ள செவிலியர் மாணவிகளும், கடைசி ஆண்டு செயல்திட்டத்துக்காக நிறுவனங்களுக்கு அலைகிறவர்களும் பெரும்பாலும் இந்த வகையில் வருவார்கள்.

| அளவுகோல் | அரசுப் பேருந்து | ரயில் | கல்லூரிப் பேருந்து | சொந்த பைக் |
|---|---|---|---|---|
| மாறுதல் | ஊரைப் பொறுத்தது | நிலையத்தின் இரு முனையிலும் உண்டு | இல்லை | இல்லை |
| மாலைத் திரும்புதல் | ஏழு மணி வரை நம்பலாம் | வண்டி நேரத்துக்குக் கட்டுப்பட்டது | ஒரே நேரம் | எந்நேரமும்; இருட்டு ஓர் அபாயம் |
| மாதச் செலவு (20 கி.மீ. வழி) | 0 முதல் 1,100 ரூபாய் வரை | இலவசம் அல்லது பாதி சீசன் | மொத்தமாக முன்பணம் | ஏறக்குறைய 4,200 ரூபாய் |
| மறைந்த விலை | காத்திருப்பு, படிக்கட்டு | நிலையம் போகும் வழி | மாலை நேர வாய்ப்புகள் | தேய்மானம், காப்பீட்டு இடைவெளி |
| வயதுத் தடை | இல்லை | இல்லை | இல்லை | 18 |

பாதி வழிக்கு மட்டும் வண்டி

மேலே சொன்ன நான்கையும் தனித்தனியாகப் பேசினேன்; ஆனால் முழு வழிக்கும் ஒரே வாகனம்தான் வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பெரும்பாலான ஊர்களில் சிக்கல் வீட்டிலிருந்து நெடுஞ்சாலை வரையிலான ஐந்தாறு கிலோமீட்டரில்தான் இருக்கிறது. நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டால் பேருந்துக்குப் பஞ்சமில்லை. அந்த ஐந்தாறு கிலோமீட்டருக்கு வீட்டுப் பழைய ஸ்கூட்டரோ, மின் ஸ்கூட்டரோ, சைக்கிளோ போதும். நாளுக்கு 12 கிலோமீட்டர் என்றால் மாதம் 264 கிலோமீட்டர். பெட்ரோல் 600 ரூபாய்க்குள் அடங்கிவிடும். டாரஸ் லாரி ஓடுகிற சாலையைப் பேருந்துக்குள் உட்கார்ந்து கடக்கலாம். மின் ஸ்கூட்டரானால் இந்தத் தூரத்துக்கு நான்கைந்து நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால்கூடப் பல வண்டிகளுக்குப் போதும்.

கருங்கலுக்கு உள்ளேயிருந்து வருகிறவர், அழகியமண்டபத்துக்கு மேற்கே இருக்கிறவர், திருவட்டாறு, குலசேகரம் பக்கத்துக் கிளைச் சாலைகளில் வசிப்பவர் ஆகியோருக்கு இந்தக் கலப்பு வழியே பொருந்தும் என்பது என் கருத்து. இதில் சரிபார்க்க வேண்டியது ஒன்றுதான்: வண்டியை எங்கே நிறுத்துவது. நிலையங்களில் கட்டண நிறுத்துமிடம் இருந்தால் மாதக் கட்டணத்தைக் கேளுங்கள். சந்திப்பில் நிறுத்துவதானால், சாலையோரத்தில் விட்டுப் போகாமல், தெரிந்த மளிகைக் கடையிலோ ஒர்க்‌ஷாப்பிலோ கேட்டு, மாதம் ஒரு சிறு தொகை பேசி வையுங்கள். மாலையில் கடை எத்தனை மணிக்கு அடைக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை திறப்பார்களா, கோயில் கொடை விழா நாளில் என்ன செய்வார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

முடிவெடுக்கும் முன் ஒரு மாதம் பேருந்தில் போகட்டும். கிளம்பிய நேரம், ஏறிய நேரம், இறங்கிய நேரம், மாலையில் திரும்பிய நேரம் ஆகியவற்றை ஒரு பழைய நோட்டில் எழுதி வரட்டும். மாதக் கடைசியில் அந்த நோட்டை வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் நேரம் போகிறது என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பாருங்கள். அது வீட்டுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவிலா, வடசேரிக்கும் கல்லூரிக்கும் நடுவிலா, அல்லது கல்லூரி முடிந்த பிறகு நண்பர்களோடு நிற்கிற டீக்கடையிலா என்பது அதில் தெரிந்துவிடும்.